கண்ணே திறவுகோல்

ஊரை விட்டு வெளியூரில் குடியேறி வாழ்கிறவர்கள் அடிக்கடி விடை சொல்லவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "நீங்கள் யார்?" என்பதே அது. சொந்தக் கிராமத்தில் இக்கேள்விக்கு இடமே இல்லை. தெருமுனைக் கடைக்காரருக்கு நம் பாட்டனாரைத் தெரியும். தபால்காரருக்கு நம் வீட்டுத் திண்ணையைத் தெரியும். அங்கே நம் முகமே நமக்குச் சான்றுப் பத்திரம். டில்லி மாநகரின் தென்மேற்குப் பகுதியிலுள்ள முனிர்காவுக்கு வேலையின் பொருட்டோ படிப்பின் பொருட்டோ வந்துசேரும் தமிழ்க் குடும்பத்துக்கு அத்தகைய சான்று கிடைப்பதில்லை. வாடகைக்கு ஓர் அறை பிடிக்க வேண்டுமா, சமையல் எரிவாயு இணைப்புப் பெற வேண்டுமா, கைப்பேசிக்குப் புதிய எண் வாங்க வேண்டுமா, எங்கும் முதலில் கேட்பது அடையாளச் சான்றையே. ஓரிடத்தில் அட்டையைக் காட்டுகிறோம். ஓரிடத்தில் விரலை வைக்கிறோம். வேறோரிடத்தில் கண்ணைக் காட்டுகிறோம்.

கண்ணைக் காட்டி நம்மை நிரூபிக்கும் இவ்வழக்கம் இப்பொழுது அரசாங்க அலுவலகத்தைத் தாண்டி, ஒரு புதுவகைக் கருவிக்குள்ளும் புகுந்திருக்கிறது. விர்ச்சுவல் ரியாலிட்டி ஹெட்செட் என்று கடைகளில் சொல்லப்படும் மெய்நிகர்க் கண்ணாடியே அக்கருவி. நீந்துவோர் அணியும் கண்ணாடியைப் போல முகத்தோடு பொருந்தி, வெளியுலகை மறைத்து, இரு கண்களுக்கும் எதிரே இரு சிறு திரைகளைக் காட்டுவது இது. இரு திரைகளிலும் சற்றே வேறுபட்ட காட்சிகள் தோன்றுவதால், ஆழமும் தூரமும் உள்ள ஓர் இடத்தில் நாம் நிற்பதாகவே மனம் நம்பிவிடுகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. விளையாட்டுக்கு மட்டுமன்றி, மருத்துவ மாணவருக்கு அறுவைச் சிகிச்சையைப் பயிற்றவும், பொறியாளருக்கு இன்னும் கட்டப்படாத கட்டடத்தைக் காட்டவும் இது பயன்படுகிறது. முனிர்காவில் வீட்டுக்கு வீடு இக்கருவி வந்துவிடவில்லை. ஆயினும் அங்குள்ள சிறிய அறைகளில் தங்கிப் படிக்கும் மாணவர்களும், கணினித் தொழிலில் உள்ள இளைஞர்களும் இதை முதலில் சந்திப்பவர்களாக இருப்பார்கள். "உன் கண்ணைப் பதிந்துகொள்ளட்டுமா?" என்று அக்கருவி கேட்கும்போது என்ன விடை சொல்வது? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கருவிக்குப் பூட்டு எதற்கு என்று முதலில் கேட்கலாம். கடிதங்கள், படங்கள், வங்கிக் கணக்கு, அலுவலகக் காரியங்கள் யாவும் கைப்பேசியில் இருப்பது போல இதிலும் இருக்கக்கூடும். ஆகவே உரியவர் அன்றி மற்றவர் இதைத் திறக்கக் கூடாது. ஆனால் இரகசியச் சொல்லைத் தட்டச்சு செய்வது இதில் பெருஞ் சிரமம். விசைப்பலகை வெறும் காட்சிதான். அந்தரத்தில் விரலை நீட்டி ஒவ்வோர் எழுத்தாகத் தொட வேண்டும். அணிந்திருப்பவருக்கு வெளியே நடப்பது தெரியாது. பக்கத்தில் நிற்பவரோ அவர் விரல் போகும் திசையைப் பார்த்தே சொல்லை ஊகித்துவிடலாம். இத்தொல்லைக்குப் பரிகாரமாகத்தான் கண்ணையே திறவுகோலாக்கும் உபாயத்தை விஞ்ஞானிகள் கைக்கொண்டார்கள். கருவி ஏற்கெனவே கண்ணுக்கு வெகு அருகில் இருக்கிறது. கண்ணை நோக்கும் சிறு காமிராக்களும் அதன் உள்ளேயே அமைந்திருக்கின்றன.

அந்தக் காமிராக்கள் முதலில் வைக்கப்பட்டது பூட்டுக்காக அன்று. நம் கண் ஒரு சமயத்தில் மிகச் சிறிய பகுதியை மட்டுமே கூர்மையாகக் காண்கிறது. சுற்றியுள்ளவை மங்கலாகவே தெரிகின்றன. பார்வை எங்கே பதிந்திருக்கிறது என்று கருவி அறிந்துகொண்டால், அந்த இடத்தை மட்டும் துல்லியமாக வரைந்து, மற்ற இடங்களை மேலோட்டமாக வரைந்து, உழைப்பை மிச்சப்படுத்தலாம். பார்வையையே சுட்டுவிரலாகக் கொண்டு, பார்த்த பொருளைத் தேர்ந்தெடுக்கவும் செய்யலாம். இவ்விரண்டின் பொருட்டும் கண்ணின் இயக்கத்தைப் பின்தொடர வேண்டியதாயிற்று.

கண்ணைப் பின்தொடர்வது எப்படி? தமிழில் கண்ணின் நடுவிலுள்ள கருமணியைப் பாவை என்கிறோம். ஒருவர் கண்ணை அருகிலிருந்து உற்று நோக்கினால், பார்ப்பவரின் உருவம் ஒரு சிறு பொம்மையைப் போல அதில் பிரதிபலிக்கும்; அதனால்தான் அப்பெயர். இலத்தீன் மொழியினரும் சிறு பொம்மை என்று பொருள்படும் சொல்லாலேயே அதைக் குறித்தார்கள். அந்தப் பிரதிபலிப்புத்தான் இன்றைய கருவிக்கும் அடிப்படை. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைச் சிறு விளக்குகள் கண்ணின்மேல் வீசுகின்றன. கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போன்றிருக்கும் தெளிந்த உறையில் அவ்வொளி சிறு புள்ளிகளாக மின்னும். கண் உருளும்போது கருமணியின் மையம் நகர்கிறது. மின்னும் புள்ளி அவ்வளவாக நகர்வதில்லை. இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தையும் திசையையும் கணக்கிட்டால் பார்வை செல்லும் திக்குத் தெரிந்துவிடும். கருவியை முதன்முதல் அணியும்போது, தோன்றும் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வது இக்கணக்கை நம் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யவே.

இனிப் பூட்டுக்கு வருவோம். கண்ணைக் கொண்டு ஆளை அறிவதற்கு மூன்று வழிகள் உள்ளன. கருமணியைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையத்தின் அமைப்பைப் படித்தல் ஒன்று. திரையில் தோன்றும் எண்களையோ புள்ளிகளையோ, நாம் முன்பே தீர்மானித்த வரிசையில் பார்த்துச் செல்லுதல் மற்றொன்று. இது கண்ணால் எழுதும் இரகசியச் சொல். கண் நகரும் பாங்கையே அடையாளமாகக் கொள்ளுதல் மூன்றாவது. இவற்றுள் கடைத்தெருவுக்கு வந்த கருவிகளில் வழங்குவது முதலாவதே. 2019ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட ஹோலோலென்ஸ் 2 என்னும் கருவி இம்முறையில் அணிந்தவரை அறிந்துகொண்டது. மெய்யுலகின்மீதே பிம்பங்களைக் காட்டிய அக்கருவியின் தயாரிப்பு 2024இல் நிறுத்தப்பட்டது. அதே 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் நிறுவனத்தின் விஷன் புரோ, இம்முறைக்கு ஆப்டிக் ஐடி என்று பெயர் சூட்டியது.

நிறமுள்ள அந்த வளையத்தைக் கருவிழிப் படலம் என்பார்கள். வெளிச்சம் மிகுந்தால் கருமணியைச் சுருக்கியும், குறைந்தால் விரித்தும் கண்ணுக்குள் செல்லும் ஒளியை அளவாக்கும் தசை அது. அதிலே மேடு, பள்ளம், இழை, வளையம், புள்ளி என எண்ணற்ற கோலங்கள் அமைந்துள்ளன. தாயின் கருவில் மூன்றாம் மாதமளவில் உருவாகத் தொடங்கும் இக்கோலம் எட்டாம் மாதத்துக்குள் பெரும்பாலும் நிறைவடைந்துவிடுகிறது. பரம்பரை முழுவதையும் தீர்மானிப்பதில்லை. கருவில் நேரும் சிறு தற்செயல்களுக்கும் இதில் பங்குண்டு. ஆகவே உருவத்தில் ஒன்றுபோலிருக்கும் இரட்டையரின் கண்களும் வேறுபடுகின்றன. ஒருவருடைய வலக்கண்ணும் இடக்கண்ணுமே வேறுபடுகின்றன. நம்மவரின் கருமையான கண்ணில் சாதாரண வெளிச்சத்தில் இக்கோலம் தெரிவது அரிது. அகச்சிவப்பு ஒளியோ அக்கருமை நிறத்தை ஊடுருவிச் சென்று அடியிலுள்ள அமைப்பைக் காட்டிவிடுகிறது.

இக்கோலத்தை ஆள் அடையாளத்துக்குப் பயன்படுத்தலாம் என்னும் எண்ணத்துக்கு, கண் மருத்துவர்களான லியோனார்ட் பிளாம், ஆரன் சாபிர் இருவரும் 1987இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் கணித முறையை வகுத்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன். அவருக்கு 1994இல் காப்புரிமை கிடைத்தது. அவர் முறைப்படி கண்ணின் படம் அப்படியே ஒப்பிடப்படுவதில்லை. கோலம் முழுவதும் 2048 குறிகளாக மாற்றப்படுகிறது; ஒவ்வொரு குறியும் சுழி அல்லது ஒன்று. இருவர் தனித்தனியே நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா என்று எழுதிவைத்தால், இரு பட்டியல்களும் ஏறக்குறையப் பாதி இடங்களில் மாறுபடும் அல்லவா? வெவ்வேறு கண்களின் குறிகளும் அவ்வாறே பாதியளவு மாறுபடுகின்றன. ஒரே கண்ணை இருமுறை படம்பிடித்தால் மாறுபாடு மிகக் குறைவு. மாறுபாடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் ஒரே கண் என்று யந்திரம் முடிவு செய்கிறது. முன்பின் அறியாத ஒருவர் கண் தங்கள் பூட்டைத் திறந்துவிடும் வாய்ப்புப் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று ஆப்பிள் நிறுவனம் சொல்வது இத்தகைய கணக்குகளைக் கொண்டே.

கண்ணின் கோலம் காலத்தை வென்று நிற்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1984இல் பாகிஸ்தானிலிருந்த ஓர் அகதி முகாமில் ஆப்கானிஸ்தானத்துச் சிறுமி ஒருத்தியை ஸ்டீவ் மக்கரி என்பவர் படம்பிடித்தார். 1985இல் அப்படம் நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகையின் அட்டையில் வெளிவந்து புகழ் பெற்றது. சிறுமியின் பெயரோ யாருக்கும் தெரியாது. 2002இல் ஷர்பத் குலா என்னும் பெண்மணியைக் கண்டுபிடித்தபோது, இவர்தாமா அவர் என்ற ஐயத்தைத் தீர்க்க இரு காலத்துப் படங்களின் கண்களையும் டாக்மன் ஒப்பிட்டார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் கண்கள் ஒத்தன. நாடு விட்டு நாடு சென்ற ஓர் அகதிக்கு அவர் கண்களே சான்றளித்தன.

இவ்வாராய்ச்சிக்கும் முனிர்காவுக்கும் தூரம் அதிகமில்லை. முனிர்கா மெட்ரோ நிலையத்திலிருந்து இரண்டாம் நிலையம் ஐ.ஐ.டி. அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், மாணவர்களும் ஊழியர்களுமான 224 பேரின் கண்களிலிருந்து 2007ஆம் ஆண்டில் 1120 படங்கள் எடுக்கப்பட்டன. இந்தியர் கண்களைக் கொண்டு அமைந்த அத்தொகுப்பு, பிற ஆய்வாளர்களும் தங்கள் கணித முறைகளைச் சோதித்துப் பார்க்க வழங்கப்பட்டது. ஓக்லாவிலுள்ள டில்லி இந்திரப்பிரஸ்தத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தார், கண்ணுக்குள் அணியும் காண்டாக்ட் லென்ஸ் இம்முறையை எவ்வாறு ஏமாற்றக்கூடும் என்பதை 101 பேரின் 6570 படங்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். நிறமூட்டிய லென்ஸ் உண்மைக் கோலத்தை மறைத்துவிடுவதால், உரியவரையே யந்திரம் அறியாமற்போவதுண்டு. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் சிலருக்கு இத்தகைய இடர்ப்பாடு நேர்கிறது. ஊரிலிருந்து முதிய பெற்றோரை அழைத்துவந்து சிகிச்சை செய்விக்கும் குடும்பங்கள், பின்னர் அவர்களுடைய கருவிழிப் பதிவைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

கண்ணைப் பதிந்தது நமக்குப் புதிதன்று என்பதையும் நினைவுகூர வேண்டும். 2009இல் நிறுவப்பட்ட தனித்துவ அடையாள ஆணையம், 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்பலி கிராமத்தில் முதல் ஆதார் எண்ணை வழங்கியது. பத்து விரல்களின் ரேகையும், இரு கருவிழிகளின் பதிவும், முகப்படமும் அதில் சேர்க்கப்பட்டன. இன்று நூறு கோடிக்கும் மேற்பட்டோரின் கண்கள் அதில் பதிவாகியுள்ளன. விரல்ரேகையை அடையாளமாகக் கொள்ளும் முறையே இந்திய மண்ணில் வளர்ந்தது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகை நிலையம் அமைந்தது. ஆனால் சுண்ணாம்பும் சிமெண்டும் அள்ளிய விரலில், பாத்திரம் துலக்கிய விரலில், முதுமையடைந்த விரலில் ரேகை தேய்ந்துபோகிறது. அத்தகையோருக்குக் கருவிழிப் பதிவு உண்மையில் ஒரு வரமே. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டம் 2020இல் தமிழ்நாட்டிலும் 2021 ஜூலையில் டில்லியிலும் நடைமுறைக்கு வந்தபின், தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையைக் கொண்டே டில்லியில் மலிவு விலைத் தானியம் பெற வழி ஏற்பட்டது. அங்கும் சரிபார்ப்பது விரலை அல்லது கண்ணை.

இவ்வளவு நன்மை இருக்க, அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? பூட்டின் திறவுகோல் தொலைந்தால் வேறு செய்துகொள்ளலாம். இரகசியச் சொல் வெளிப்பட்டால் வேறு சொல்லை வைக்கலாம். கண்ணின் கோலம் களவு போனால் வேறு கண்ணை வைத்துக்கொள்ள இயலுமா? ஆயுள் முழுவதும் மாறாதிருப்பது அதன் சிறப்பு. அதுவே அதன் ஆபத்தும் ஆகும். 2017 மே மாதத்தில் ஜெர்மனியின் கேயாஸ் கணினிச் சங்கத்தார் இதைச் செயலிலேயே காட்டினார்கள். கருவிழியால் திறக்கும் சாம்சங் எஸ்8 கைப்பேசியை, உரியவர் கண்ணின் படத்தை அச்சிட்டு அதன்மேல் ஒரு காண்டாக்ட் லென்ஸை வைத்தே திறந்துவிட்டார்கள். மெய்நிகர்க் கண்ணாடியில் இது அவ்வளவு எளிதன்று. கண்ணின் இயக்கத்தைத் தொடரும் காமிரா, எதிரே இருப்பது அசைகிற, ஒளிக்கு ஏற்பச் சுருங்கி விரிகிற உயிருள்ள கண்தானா என்று சோதிக்க வசதி தருகிறது. ஆயினும் மனிதர் செய்த பூட்டு எதுவும் முற்றிலும் உடைக்க முடியாததன்று.

ஆகையால், பூட்டு எவ்வளவு சாமர்த்தியமானது என்பதைவிட, கண்ணின் பதிவு எங்கே வைக்கப்படுகிறது என்பதே முக்கியமான கேள்வி. விஷன் புரோவில் அப்பதிவு மறைகுறியாக மாற்றப்பட்டு, கருவிக்குள்ளேயே உள்ள தனியறை போன்ற ஒரு பாகத்தில் வைக்கப்படுகிறது. நிறுவனத்தின் கணினிக்கும் அனுப்பப்படுவதில்லை என்று அந்நிறுவனம் அறிவித்துள்ளது. ஐந்து முறை கண் பொருந்தாவிட்டாலும், 48 மணி நேரத்துக்கு மேல் திறக்காமல் இருந்தாலும் எண்களாலான இரகசியக் குறியைத்தான் கொடுக்க வேண்டும். இது வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது போன்றது. ஆதாரின் அமைப்பு வேறு. பல இடங்களில் சரிபார்க்க வேண்டியிருப்பதால் பதிவுகள் ஒரு மத்தியக் களஞ்சியத்தில் உள்ளன. ஊரார் சாவிகளையெல்லாம் ஒரே கருவூலத்தில் வைத்துக் காப்பது போன்றது அது. அதற்குச் சட்டக் காவல் இன்றியமையாதது. கருவிழி, விரல்ரேகைப் பதிவுகளை எக்காரணத்துக்காகவும் எவருடனும் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு ஆதார்ச் சட்டம் விதிக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கு அது.

மெய்நிகர்க் கண்ணாடியில் இதனினும் நுட்பமான மற்றோர் ஆபத்து இருக்கிறது. கண்ணின் கோலத்தை ஒருமுறை பார்த்துப் பூட்டைத் திறந்ததோடு காமிரா ஓய்ந்துவிடுவதில்லை. அணிந்திருக்கும் நேரம் முழுவதும் அது பார்வையைத் தொடர்ந்துகொண்டே இருக்கிறது. கண் ஒரு வரியைப் படிக்கையில் சீராக ஊர்ந்து செல்வதில்லை. தாவித் தாவி நின்று செல்கிறது. பிரெஞ்சுக் கண் மருத்துவர் லூயி எமில் ழாவாலின் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்ட உண்மை இது. எதன்மேல் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, எதைக் கண்டதும் விலகியது என்பன மனத்தின் போக்கைக் காட்டிவிடும். கடையில் ஒரு பொருளை விரும்பியும் விலைக்கு அஞ்சி வாங்காமல் வருகிறோம். வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. கண்ணோ அதைச் சொல்லிவிடுகிறது.

இது வெறும் அச்சமன்று. 2024இல் அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று கேஸ்பிளாய்ட் என்று பெயரிட்ட ஒரு முறையை வெளியிட்டது. விஷன் புரோவை அணிந்து காணொளியில் பேசுகிறவருக்குப் பதிலாக அவரைப் போன்ற ஓர் உருவம் எதிரில் உள்ளவருக்குத் தோன்றும். அவ்வுருவத்தின் கண்களும் அவருடைய கண்களைப் போலவே அசையும். அவர் பார்வையாலேயே எழுத்துகளைத் தேர்ந்து தட்டச்சு செய்கையில், அவ்வுருவத்தின் கண்ணசைவை மட்டும் கொண்டு, என்ன எழுதுகிறார் என்று அக்குழுவினர் ஊகித்தார்கள். இரகசியச் சொற்களின் எழுத்துகளை, ஐந்து ஊகங்களுக்குள், நூற்றுக்கு 77 என்ற அளவில் அறிய முடிந்தது. செய்தியறிந்த நிறுவனம், தட்டச்சு செய்யும் நேரத்தில் அவ்வுருவம் தோன்றாதபடி 2024 ஜூலையில் மென்பொருளைத் திருத்தியது. ஓட்டை அடைபட்டது; ஆனால் பாடம் நிலைத்திருக்கிறது. கண்ணைத் திறவுகோலாக ஆக்கிய காமிராவே, கண்ணிலிருந்து இரகசியம் கசியும் வாயிலாகவும் ஆகிவிடலாம்.

கண்ணை மறைத்தாலும் போதாது என்று காட்டும் ஆராய்ச்சியும் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் 2023இல் நடத்திய ஆய்வு அது. மெய்நிகர் விளையாட்டு ஒன்றை ஆடிய 55,541 பேரின் தலையசைவையும் கையசைவையும் மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 100 விநாடி நேர அசைவைக் கொண்டே, நூற்றுக்கு 94 பேருக்கு மேல் இன்னார் என்று கணினி சரியாகச் சொல்லியது. நடையைக் கண்டே ஆளைத் தூரத்திலிருந்து அறிந்துகொள்ளும் நம் ஊர்ப் பெரியவர்களின் திறமையை யந்திரமும் கற்றுக்கொண்டுவிட்டது. ஒரு வேறுபாடு உண்டு. ஊர்ப் பெரியவர் நம்மை அறிவார். நாமும் அவரை அறிவோம். யந்திரத்தின் பின்னால் இருப்பவரை நாம் அறியோம்.

ஆகவே, இக்கருவியை வாங்குவோரும், பள்ளியிலோ பணியிடத்திலோ அணிய நேர்வோரும் மூன்று கேள்விகளைக் கேட்பது தகும். கண்ணின் பதிவு கருவிக்குள்ளேயே தங்குகிறதா, வெளியே செல்கிறதா? கண்ணைப் பதிய மனமில்லாதவர் இரகசியக் குறியைக் கொண்டே திறக்க வழி இருக்கிறதா? பார்வை எங்கெல்லாம் சென்றது என்னும் செய்தி, அதில் இயங்கும் விளையாட்டுகளுக்கும் பிற நிறுவனங்களுக்கும் கொடுக்கப்படுகிறதா? இரண்டாம் கேள்வி எளியதாகத் தோன்றினாலும் முக்கியமானது. கண் நோயுற்றவர், இமை தாழ்ந்தவர், கண் ஓரிடத்தில் நிலைக்காது நடுங்குகிறவர் ஆகியோருக்கு மாற்று வழி இல்லாத பூட்டு, பூட்டன்று, தடைச் சுவர். இரவலாகவோ பழைய பொருளாகவோ கருவியைப் பிறருக்குக் கொடுக்கும்போது, கண்பதிவை அழித்துவிட்டே கொடுக்க வேண்டும். மென்பொருள் திருத்தங்களை அவ்வப்போது ஏற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் கவனம் இன்னும் அதிகமாக வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டுமென்றும், அவர்களுடைய நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கலாகாது என்றும் விதி வகுத்திருக்கிறது.

ஏற்கெனவே கண்ணைப் பதிந்துள்ள ஆதாருக்கும் ஒரு பூட்டு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. விரல், கண், முகம் ஆகிய மூன்றையும் கொண்டு தம் பெயரில் யாரும் சரிபார்க்க முடியாதபடி, ஆணையத்தின் இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ அவரவரே பூட்டிவைக்கலாம்; வேண்டும்போது சிறிது நேரம் திறந்துகொள்ளலாம். இதற்குக் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறி தேவை. வெளிமாநிலத்துக்கு வந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஊரில் வைத்திருந்த எண்ணைக் கைவிட்டுப் புதிய எண் வாங்குகிறோம். ஆதாரிலோ பழைய எண்ணே நிற்கிறது. பழைய எண் நாளடைவில் வேறொருவர் கைக்குப் போய்விடவும் கூடும். ஆகவே முனிர்காவில் குடிபுகுந்தவர்கள் செய்ய வேண்டிய முதற்காரியங்களுள் ஒன்று, புதிய எண்ணை ஆதாரில் பதிந்துகொள்வது. பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் விரலையும் கண்ணையும் பதிவு செய்ய வேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

புதிய கருவியைக் கண்டு மருளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். தேய்ந்த விரலுடைய தொழிலாளிக்குத் தானியம் பெற்றுத் தருவதும் கண்ணின் பதிவுதான். அயலார் நம் இரகசியத்தைப் படிக்க வழி செய்வதும் அதுவாகலாம். தெரியாத ஊரில் வாழ்கிறவர்கள் தங்களை நிரூபிக்க மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாகத் தங்கள் உடலையே சாட்சியாக நிறுத்த வேண்டியிருக்கிறது. அதனால் அந்தச் சாட்சியைக் காக்கும் பொறுப்பும் அவர்களுக்கு அதிகம். சாவியை ஒருவரிடம் ஒப்படைக்குமுன் அவர் யார், எங்கே வைப்பார், எப்பொழுது திருப்பித் தருவார் என்று விசாரிக்கிறோம். திருப்பித் தர இயலாத சாவி கண். அதை ஒப்படைக்குமுன் இரு மடங்கு விசாரிப்பதே அறிவுடைமை.